சந்தனமா, மயில்கழுத்தா? 12-க்கு 10 படுக்கையறை ஒன்றின் நிறக் கணக்கு

காஞ்சிபுரம் பட்டு எடுக்கப் போகிறவர்கள் கடைக்குள் எரியும் விளக்கை நம்புவதில்லை. புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். அதே ஆட்கள் பெயிண்ட் கடையில் தீப்பெட்டி அகலச் சீட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இதிலே நாலு லிட்டர்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். புடவையையாவது திருப்பிக் கொடுக்கலாம். சுவரை அடுத்த பெயிண்ட் அடிக்கும்வரை ஐந்தாறு வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டு எதிரெதிர் நிறங்களை ஒரே அறைக்கு எப்படி ஒப்பிட்டு முடிவெடுப்பது என்பதை ஒரு மாதிரி அறையை வைத்துக் கடைசிவரை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னை அடுக்ககங்களில் சாதாரணமாகக் காணப்படும் அளவு: 12 அடி நீளம், 10 அடி அகலம், 9½ அடி உயரம். மேற்குச் சுவரில் 5-க்கு 4 அடி ஜன்னல் ஒன்று. தெற்குச் சுவரில் 3-க்கு 7 அடி கதவு. வடக்கும் கிழக்கும் வெறும் சுவர். கட்டிலின் தலைமாடு கிழக்கே. தரையில் வெளிர் நிற டைல்ஸ், மேலே வெள்ளைத் தளம், நடுவில் 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்று. போட்டியில் உள்ள நிறங்கள் இரண்டு. ஒன்று சந்தனம். மற்றது, பச்சையா நீலமா என்று சண்டை போடவைக்கும் கருத்த மயில்கழுத்து.

முதலில் பார்க்கவேண்டியது நிறத்தின் பெயரை அல்ல, அது எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கிறது என்பதை. பெயிண்ட் கம்பெனிகள் இதை எல்.ஆர்.வி. என்ற எண்ணாகத் தருகின்றன. சில ஷேட் கார்டுகளில் சீட்டின் பின்னாலேயே அச்சிட்டிருக்கும், இல்லாவிட்டால் கம்பெனியின் இணையதளத்தில் கிடைக்கும். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. நாம் எடுத்துக்கொண்ட சந்தனத்துக்கு 65, மயில்கழுத்துக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைத் தளம் 85, தரை 50. கதவுக்கும் இரவில் கறுத்துக் கிடக்கும் ஜன்னலுக்கும் சேர்த்துச் சராசரி 15.

இந்த எண்கள் எதற்கு? விளக்கிலிருந்து புறப்படும் ஒளி சுவரில் ஒரு தடவை பட்டு அடங்கிவிடுவதில்லை. ஒரு சுவரிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து தளத்துக்கு என்று பந்து மாதிரி துள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு துள்ளலிலும் கொஞ்சம் தேய்கிறது. அறையின் சராசரிப் பிரதிபலிப்பை (65 என்றால் 0.65) 1-லிருந்து கழித்து, அந்த மீதியால் 1-ஐ வகுத்தால், துள்ளல்களால் வெளிச்சம் எத்தனை மடங்காகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும்.

சுவர்களின் மொத்தப் பரப்பு 418 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 41 போனால் 377. தளம் 120, தரை 120. எல்லாம் சேர்ந்து 658 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 61 சதுர மீட்டர். நான்கு சுவரும் சந்தனம் என்றால் சராசரிப் பிரதிபலிப்பு 0.63, வெளிச்சம் 2.7 மடங்கு. நான்கும் மயில்கழுத்து என்றால் 0.31, பெருக்கம் 1.45 மடங்குதான். வாட்டுக்கு 100 லூமன் (ஒளியின் அளவு) தரும் 20 வாட் குழல்விளக்கின் 2000 லூமனை இதில் போட்டால், அறையின் எல்லாப் பரப்புகளுக்குமான சராசரி சந்தன அறையில் 88 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்), மயில்கழுத்து அறையில் 48 லக்ஸ். விளக்கு அதே விளக்கு, கரண்டு பில்லும் அதேதான். வெளிச்சம் மட்டும் பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடுகிறது.

ஒரே ஒரு 10 அடிச் சுவரை மட்டும் (95 சதுர அடி) மயில்கழுத்தாக்கினால் சராசரி 72 லக்ஸ். நாலில் ஒரு பங்குச் சுவரைக் கறுப்பாக்கியும் இழப்பு 18 சதவீதம்தான். "ஒரு சுவர் மட்டும் டார்க்" என்ற வழக்கம் ஃபேஷனால் வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. இழந்ததை மீட்க விளக்கை 2000 லூமனிலிருந்து 2450 ஆக்கினால் போதும், 20 வாட்டுக்குப் பதில் 24 அல்லது 25 வாட். நான்கு சுவரும் கருமை என்றால் கிட்டத்தட்ட 3700 லூமன் வேண்டும், அதாவது இரண்டாவது குழல்விளக்குக்குப் புது ஒயரிங். பெயிண்ட் பட்ஜெட்டில் யாரும் இதை எழுதுவதில்லை.

விளக்கின் அளவைவிடத் தொல்லை தருவது அதன் நிறம். கடையில் "வெள்ளை லைட்" என்று விற்பது பெரும்பாலும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு), "மஞ்சள் லைட்" 2700 அல்லது 3000. மஞ்சள் விளக்கின் ஒளியில் நீலப் பங்கு குறைவு. மயில்கழுத்துச் சுவரோ நீலத்தையும் பச்சையையும் திருப்பிக் கொடுத்துத்தான் தன் நிறத்தைக் காட்ட முடியும். திருப்பிக் கொடுக்க நீலமே வராதபோது அது கரும்பச்சையாகி, மூலைகளில் கிட்டத்தட்ட கறுப்பாகிறது. அதே மஞ்சள் விளக்கில் சந்தனம் குளிர்காய்கிறது, பட்டை தீட்டியதுபோல் பொலிகிறது. வெள்ளை லைட்டுக்கு மாற்றினால் கதை தலைகீழ். மயில்கழுத்து விழித்துக்கொள்ளும், சந்தனம் சோகை பிடித்தாற்போல் வெளிறும். எதிரெதிர் நிறங்களை ஒரே அறையில் வைக்கும்போது ஒன்றுக்கு ஏற்ற விளக்கு மற்றதற்குச் சத்துரு. நடுவில் 4000 கெல்வின் விளக்கு போடுவது சமரசம்தான், ஆனால் வேலை செய்யும் சமரசம். கூடவே அட்டைப்பெட்டியில் சி.ஆர்.ஐ. எண்ணை, அதாவது விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைப் பாருங்கள். 80-க்குக் கீழே இருந்தால் எந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை. 90 கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இரவு விளக்கு மட்டும் எரியும் அரை இருட்டில் இன்னொரு மாற்றம். கண் மங்கிய வெளிச்சத்துக்குப் பழகும்போது சிவப்புச் சாயல்கள் முதலில் இருண்டுபோகும், நீலப்பச்சைகள் ஒப்பளவில் வெளிறித் தெரியும். 19ஆம் நூற்றாண்டிலேயே செக் உடலியலாளர் புர்கின்யே குறித்துவைத்த விஷயம் இது. பகலில் ஒன்றுக்கொன்று சவால் விட்டு நின்ற இரு சுவர்களும் இரவு பதினொரு மணிக்கு நிறம் இழந்து சாம்பல் சாயல்களாகக் கரைந்துவிடும்.

இனி, இரண்டு நிறங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது நடப்பது. பாரிஸின் கோபெலின் திரைச்சீலைக் கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய வேதியியலாளர் ஷெவ்ரல் முன்னால் ஒரு புகார் வந்தது. கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை, சாயம் சரியில்லை என்றார்கள். அவர் சோதித்தபோது சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பை வெளிறக் காட்டின. அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றை ஒன்று எதிர்த்திசையில் தள்ளும் என்ற விதியை அவர் 1839இல் வெளியிட்டார். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்வை போட்டு இணைக்கும் நெசவாளருக்கு இது கைப்பழக்கம்.

நம் அறையில் இதன் விளைவு நேரடியானது. நீலப்பச்சைக்கு எதிர்நிறம் செம்மஞ்சள். மயில்கழுத்தை ஒட்டி நிற்கும் சந்தனம் தனியாகப் பார்த்ததைவிடச் சிவந்து, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்து தெரியும். கடையில் தனியாகப் பார்த்து "அளவான சந்தனம்" என்று எடுத்ததைச் சுவரில் பார்த்துவிட்டு "கோயில் மதில் மாதிரி இருக்கே" என்று முகம் சுளிப்பது இதனால்தான். மெஷினில் கலந்தவர்மேல் தப்பில்லை. இணையாக வைக்கப் போகும் சந்தனத்தை ஷேட் கார்டில் ஒரு படி சாம்பல் கூடிய பக்கமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தனியாகப் பார்த்தால் அது சற்றே உயிரற்றதாகத் தோன்றும். பக்கத்துச் சுவர் அந்த உயிரைக் கொடுத்துவிடும்.

நிறம் சுவரோடு நின்றுவிடுவதும் இல்லை. நான்கு பக்கமும் மயில்கழுத்து அடித்தால் துள்ளும் ஒளி ஒவ்வொரு முறையும் அதே நிறத்தால் வடிகட்டப்பட்டு வெள்ளைத் தளத்தில் பச்சை நிழலாக விழும். கண்ணாடி முன்னால் நின்று தலை வாருகிறவரின் முகத்திலும் விழும். அலங்காரக் கண்ணாடி உள்ள அறைக்கு நான்கு கருஞ்சுவர் வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

"டார்க் அடித்தால் அறை சின்னதாகிவிடும்" என்பது அடுத்த அச்சம். இதில் பாதி உண்மை. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தவர் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தளம் வெளிறியிருந்தால் அறை உயரமாகத் தோன்றியது, சுவர் வெளிறியிருந்தாலும் அப்படியே. இரண்டின் பலனும் தனித்தனியாகக் கூடியது. தளத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள வேறுபாடு அதிகமாக இருந்தால் உயரம் கூடும் என்ற பழைய நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே தளம் வெள்ளையாக இருக்கும்வரை ஒரு கருஞ்சுவரால் பெரிய நஷ்டமில்லை.

"உள்ளே டார்க் அடித்தால் சூடு ஏறும்" என்பதோ அநேகமாகக் கற்பனை. மேற்கு வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்ட பிறகு அதன் பெரும்பகுதி அறைக்குள்ளேயேதான் வெப்பமாகப் போகிறது. வெளிர் சுவர் அதில் ஒரு சிறு பங்கை ஜன்னல் வழியே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். வெளிச்சுவரின் நிறமும் ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சன்ஷேடும் தீர்மானிப்பதை உள்சுவர் நிறம் தீர்மானிக்காது.

சரி, கருமை எந்தச் சுவருக்கு? இருட்டிய பிறகு நடுவிளக்கின் கணக்கில் எந்தச் சுவராக இருந்தாலும் அதிக வித்தியாசமில்லை. பகலில்தான் இடம் முக்கியம்.

மேற்குச் சுவர், அதாவது ஜன்னல் உள்ள சுவர், வெளியொளி நேரே படாத சுவர். அதைக் கறுப்பாக்கினால் பகல் வெளிச்ச இழப்பு மிகக் குறைவு. ஆனால் கருஞ்சுவர் நடுவே பளீரென்ற ஜன்னல், கண்ணைக் குத்தும். கட்டிலில் படுத்திருப்பவர் கால்மாட்டில் அதைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். தள்ளிவிடலாம்.

வடக்குச் சுவர் ஜன்னலை ஒட்டிய பக்கச்சுவர். ஜன்னல் ஒளி அதன்மேல் சாய்வாக, சுவரை உரசிக்கொண்டு போகும். பட்டி பார்த்ததில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளமும், உப்புத்தாள் தேய்த்த வளையமும் நிழலோடு எழுந்து நிற்கும். வெளிர் நிறத்தில் மன்னிக்கப்படும் பட்டி வேலை கருநிறத்தில் மன்னிக்கப்படாது. மினுக்கம் உள்ள பெயிண்டானால் இன்னும் மோசம். தெற்குச் சுவருக்கும் இதே குறை, போதாததற்கு நடுவில் கதவு.

மிஞ்சுவது கிழக்குச் சுவர். ஒளி நேரே முகத்தில் படுவதால் மேடுபள்ளம் தெரியாது. பிற்பகலில் மேற்கு வெயில் நேரே அடிப்பதும் இதன்மேல்தான். சந்தனமாக இருந்தால் நாலு மணிக்கு அந்தச் சுவர் ஆரஞ்சுத் தகடாகி அறை முழுக்கக் கூசும். மயில்கழுத்து அந்த வெயிலைக் குடித்துவிடும். குறையும் உண்டு. காலையில் மேற்கு ஜன்னலுக்கு வானத்து ஒளி மட்டுமே. அந்த மெல்லிய ஒளியை ஏந்தித் தலைமாட்டுக்குத் தரவேண்டிய சுவரும் இதுதான். கறுப்பாக்கினால் காலை ஒன்பது மணிக்குக்கூடத் தலைமாட்டில் பேப்பர் படிக்க விளக்கு வேண்டியிருக்கும். படுக்கையறைக்கு இது ஏற்கக்கூடிய இழப்பு. அதே அறை பிள்ளைகள் படிக்கும் அறையானால் தீர்ப்பு மாறுகிறது: நான்கு சுவரும் சந்தனம், மயில்கழுத்து வேண்டுமானால் திரைச்சீலைக்கு.

இந்த வாதத்தையெல்லாம் சுவரில் கை வைக்காமல் சோதிக்க வழி இருக்கிறது. 2 அடிக்கு 2 அடி வெள்ளை அட்டையோ பிளைவுட் துண்டோ நிறத்துக்கு ஒன்றாக எடுத்து, பிரைமர் ஒரு கோட், சாம்பிள் பெயிண்ட் இரண்டு கோட் கொடுங்கள். கருநிறத்துக்கு மூன்று. பிரஷ் வேண்டாம், சுவருக்குப் பயன்படுத்தப் போகும் அதே ரோலர். காயவிட்டு மறுநாள் பாருங்கள். எமல்ஷன் ஈரத்தில் பால் கலந்ததுபோல் வெளிறி இருக்கும், காய்ந்த பிறகுதான் கருமை இறங்கும். ஈரத்தில் பார்த்துவிட்டு "இன்னும் கொஞ்சம் டார்க் பண்ணுங்க" என்று சொன்னவர்கள் மறுநாள் தலையில் கை வைப்பார்கள்.

பழைய சுவர் நிறம் தீர்ப்பைக் கெடுக்காதிருக்க அட்டையைச் சுற்றி இரண்டு அங்குல வெள்ளை விளிம்பு விட்டுப் பாருங்கள். பிறகு விளிம்பை மடித்துவிட்டு இரண்டு அட்டைகளையும் ஒட்டவைத்துப் பாருங்கள். ஷெவ்ரல் சொன்னது கண்முன் நடக்கும். காலை 7, நண்பகல், மாலை 4, விளக்கு போட்ட பிறகு 8 மணி என நாலு வேளை, நாலு சுவரிலும் சாத்தி வைத்து. போனில் படமெடுத்து உறவினருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதானால் படத்துக்குள் ஒரு வெள்ளைத் தாளையும் வையுங்கள். போன் கேமரா தானாக நிறத்தைத் திருத்திக்கொள்ளும், தாள் வெள்ளையாகத் தெரியாத படத்தை நம்பக்கூடாது.

நிறம் முடிவானதும் கணக்கு டப்பாவுக்கு வருகிறது. இங்கே இரண்டும் ஒரே பொருள் அல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின் சந்தனத்தை வெள்ளை பேஸில் (நிறம் சேர்க்கும் முன் உள்ள அடிப்படைப் பெயிண்டில்) கலக்கிறது. அதில் டைட்டானியம் டையாக்சைடு நிறைய உண்டு, அடியில் உள்ளதை மறைப்பது அதுதான். அதில் சேரும் மஞ்சள், சிவப்பு ஆக்சைடுகளும் நன்றாக மறைப்பவை, சிமென்டுச் சுவரின் காரத்துக்கும் வெயிலுக்கும் அஞ்சாதவை. மயில்கழுத்துக்கு வெள்ளை சேர்க்க முடியாது, சேர்த்தால் வெளிர்நீலமாகிவிடும். எனவே டைட்டானியம் அனேகமாக இல்லாத டீப் பேஸில் தாலோ நீலமும் தாலோ பச்சையும் கறுப்பும் சேர்க்கிறார்கள். தாலோ நிறமிகள் கெட்டிக்காரப் பேர்வழிகள், மங்குவதில்லை, காரத்துக்கும் அசைவதில்லை. ஆனால் பூச்சு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுவது. முதல் கோட்டில் வெள்ளைப் பிரைமர் திட்டுத்திட்டாகத் தெரியும். இரண்டாவதிலும் ரோலர் போன வழி தெரியும். மூன்றாவதில்தான் சுவர் அடங்கும்.

இதற்குக் குறுக்குவழி ஒன்று உண்டு: பிரைமரையே கறுப்பு ஸ்டெய்னர் (நிறச் சாந்து) சேர்த்து நடுத்தரச் சாம்பலாக்கிவிடுவது. வெள்ளைமேல் மூன்று கோட் கேட்கும் சுவர் சாம்பல்மேல் பெரும்பாலும் இரண்டில் அடங்கும், மூன்றாவது திருத்தத்துக்கு. கம்பெனி மெஷினில் கலக்காமல் மேஸ்திரியே வெள்ளை எமல்ஷனில் ஸ்டெய்னர் ஊற்றி மயில்கழுத்து "பண்ணித் தருகிறேன்" என்றால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தக் கருமைக்குத் தேவையான ஸ்டெய்னர் அளவு பூச்சின் பிடிப்பைக் கெடுத்துவிடும், ஈரத் துணியால் துடைத்தால் கையோடு வரும். பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி கிடைக்காது.

அளவுகள். லிட்டருக்கு இரண்டு கோட்டில் 130 சதுர அடி என்று எடுத்துக்கொண்டால் (ஒரு கோட்டுக்கு 260) நான்கு சுவர் சந்தனத்துக்கு 2.9 லிட்டர். நான்கு சுவர் மயில்கழுத்து, மூன்று கோட், 4.35 லிட்டர். நாம் வந்தடைந்த ஏற்பாட்டில் மூன்று சுவர் சந்தனம் 282 சதுர அடி, 2.2 லிட்டர். கிழக்குச் சுவர் 95 சதுர அடி, மூன்று கோட், 1.1 லிட்டர். வம்பு இந்தக் கடைசி எண்ணில்தான். "ஒரு சுவர்தானே, ஒரு லிட்டர் போதும்" என்று வாங்கினால் மூன்றாவது கோட்டில் கடைசி இரண்டரை அடிக்கு முன்னால் தீரும். பேஸ் டப்பாவில் 900 மில்லிதான் இருந்தால் இன்னும் சீக்கிரம். அடுத்து வாங்கும் டப்பா வேறு பேட்ச், அந்த வித்தியாசம் சுவரின் நடுவே கோடு போட்டாற்போல் நிற்கும். இரண்டு லிட்டராக ஒரே வேளையில் வாங்கி, இரண்டு டப்பாவையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலந்த பிறகே தொடங்க வேண்டும். தளத்துக்கு வெள்ளை ஒரு லிட்டர் மட்டுமட்டாகப் போதும். பிரைமர் 4 லிட்டர். புதுச் சுவரானால் பட்டி இரண்டு கோட்டுக்குக் கிலோவுக்கு 12 முதல் 15 சதுர அடி வீதம் தளமும் சேர்த்து 40 கிலோ மூட்டை ஒன்று. பழைய சுவரில் ஒட்டுப்போடுவது மட்டுமென்றால் 5 கிலோவில் முடியும்.

புது சிமென்டுப் பூச்சுமேல் 28 நாளாவது காயாமல் எதையும் அடிக்கக்கூடாது. ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் தயாரில்லை. உப்புப் பூத்தால் சந்தனச் சுவரில் யாருக்கும் தெரியாது, மயில்கழுத்தில் விபூதி பூசியதுபோல் தெரியும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை அடிப்பது வடக்கு, கிழக்குச் சுவர்களில். நம் கிழக்குச் சுவர் வெளிச்சுவராக இருந்தால் வெளிப்பக்க விரிசல்களை அடைத்து ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டுக் கருமை அடிப்பது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடித்தே தீரவேண்டும் என்றாலும் மழை நாளைத் தவிருங்கள். ஈரக்காற்றில் மெதுவாகக் காயும் எமல்ஷனிலிருந்து சோப்புத்தன்மையுள்ள சேர்மானங்கள் மேலே வந்து பிசுபிசுத்த கோடுகளாக வழியும். சந்தனத்தில் அது தெரிவதேயில்லை.

பழைய கதவு, நிலையைத் தேய்ப்பதானால் ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற இந்திய விதி 2016இல் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறையானது. அதற்கு முந்தைய மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வேலை வரிசை: தளம் வெள்ளை, பிறகு மூன்று சுவர் சந்தனம், கடைசியில் மயில்கழுத்து. கருமைமேல் சந்தனம் சிந்தினாலும் சந்தனம்மேல் கருமை சிந்தினாலும் திருத்தலாம். ஆனால் முதல் திருத்தம் மூன்று மடங்கு வேலை. கோட்டுக்குக் கோட் நாலு மணி நேர இடைவெளி.

இரு நிறம் சந்திக்கும் மூலைதான் இந்த அறையின் மானம். அடுக்ககச் சுவர் மூலைகள் நேராக இருப்பது அபூர்வம். மூலையையே எல்லையாகக் கொண்டால் கோடு பாம்பாக நெளியும். தூக்குக்குண்டு விட்டு நேர்கோடு போட்டு, சந்தனத்தை மூலை தாண்டி கிழக்குச் சுவருக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கொண்டுவந்து அங்கே நிறுத்த வேண்டும். மாஸ்கிங் டேப்பை ஒட்டி விரலால் அழுத்திய பிறகு, டேப்பின் கருஞ்சுவர்ப் பக்க விளிம்பில் முதலில் சந்தனத்தையே ஒரு பூச்சு கொடுங்கள். டேப்புக்கு அடியில் கசியவேண்டியது சந்தனமாகவே கசிந்து இடைவெளியை அடைத்துவிடும், அதன்மேல் அடிக்கும் மயில்கழுத்து கசிய இடமிருக்காது. கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பைச் சாய்வாக உரித்துவிட வேண்டும். காய்ந்தபின் உரித்தால் தோலோடு வரும். தளத்தை ஒட்டிய மேல்விளிம்பிலும் இதே முறை: கால் அங்குலம் கீழேயே கருமையை நிறுத்தி, வெள்ளையைச் சுவருக்கு இறக்கிவிட்டால் தளத்தின் கோணல் மறைந்துபோகும்.

ரோலர் வேலையில் சந்தனம் யாரையும் காட்டிக்கொடுக்காது. கருஞ்சுவரை இரண்டு பேர் செய்ய வேண்டும். ஒருவர் பிரஷ்ஷால் ஓரம் கட்டிக்கொண்டே போக, அது காயுமுன் மற்றவர் ரோலரால் அதை எட்டிப் பிடிக்க வேண்டும். ஒருவரே சுவர் முழுக்க ஓரம் கட்டி, டீ குடித்துவிட்டு வந்து ரோலர் பிடித்தால் புகைப்படச் சட்டம் மாதிரி சுற்றிலும் ஒரு கரும்பட்டை நிற்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். மதிய வெயில் இந்தச் சுவரில் விழும் என்பதால் கிழக்குச் சுவரைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஒரு மூலையில் தொடங்கினால் மறுமூலைவரை நிறுத்தக்கூடாது. தண்ணீர் டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு குவளைகூட வேண்டாம். டீப் பேஸ் ஏற்கெனவே மறைக்க மறுக்கும் பெயிண்ட், அதை மோராக்கினால் ஐந்தாவது கோட்டிலும் சுவர் அடங்காது.

பிறகு குடித்தனம். இங்கே இரு நிறமும் அவரவர் குறையோடுதான் வருகிறார்கள். சந்தனத்தில் சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கைக்கறை, அடித்த கொசுவின் ரத்தம், பல்லியின் கைங்கரியம் எல்லாம் தெரியும், ஆனால் துடைத்தால் போகும். மயில்கழுத்தில் கறை தெரியாது, தூசியும் நகக்கீறலும் தெரியும். மினுக்கமில்லாத கரும்பூச்சில் நாற்காலி முதுகு உரசினால் வெள்ளைக்கோடு, துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் பளபளப்பு. தலைமாட்டில் தேங்காயெண்ணெய்த் தலை சாய்ந்தால் சந்தனத்தில் பழுப்புத் திட்டு, மயில்கழுத்தில் மினுக்குத் திட்டு. இரண்டுக்கும் மருந்து கட்டிலுக்குத் தலைப்பலகை வைப்பதுதான். பெயிண்டில் மென்மினுக்கமுள்ள, கழுவக்கூடிய வகையைக் கருஞ்சுவருக்கு எடுத்தால் பாதிப் பிரச்சினை குறையும். ஒளி நேரே படும் கிழக்குச் சுவர் என்பதால் அந்த மினுக்கத்தை இங்கே தாங்கலாம். எதுவானாலும் முதல் இரண்டு மூன்று வாரம் ஈரத்துணி படக்கூடாது, பூச்சு முழுசாக இறுக அவ்வளவு நாள் ஆகும்.

படம் மாட்டிய ஆணியைப் பிடுங்கினால் சந்தனத்தில் ஒரு சொட்டுப் பட்டி, ஒரு சொட்டு பெயிண்ட், முடிந்தது. மயில்கழுத்தில் அந்த டச்சப் எப்போதும் வட்டமாகத் தெரியும், அதே டப்பா பெயிண்டாக இருந்தாலும். பிரஷ்ஷில் தொட்டு வைக்காமல் சின்ன ரோலரால், ஓரங்களை உலர் ரோலரால் தேய்த்துக் கரைத்துவிட்டால் குறையும். அப்படியும் தெரிந்தால் மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரும் ஒரு கோட். அந்த ஒரு கோட்டுக்கு 95-ஐ 260-ஆல் வகுத்தால் 365 மில்லி வேண்டும். இரண்டு லிட்டரில் மிஞ்சிய 900 மில்லியைப் பெரிய டப்பாவிலேயே விட்டால் உள்ளிருக்கும் காற்றில் ஆடை கட்டிவிடும். வடிகட்டி, கழுத்துவரை நிரம்பும் சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்களில் ஊற்றி இறுக மூடி, ஷேட் எண்ணையும் பேஸின் பெயரையும் பேட்ச் எண்ணையும் மூடியில் எழுதிப் பரணில் போட்டுவையுங்கள்.